டாக்டரிடம் போன அம்மை

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்கு மேலே இருந்த ஒற்றை அறையைத்தான் காசிராஜன் தன் துப்பறியும் நிறுவனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே மூட்டை இறக்கினால் மேலே மேஜை ஆடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பட்டாசு ஆலைத் தீ விபத்துகளை விசாரித்து விசாரித்து, முதலாளிகள் சொல்லும் பொய்களில் காது புளித்துப்போய் வேலையை விட்டவர். மனிதர்களிடம் அவருக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர்களிடம் இன்னும் கம்மி.

சனிக்கிழமை காலையில் அந்த ஆடும் மேஜைக்கு எதிரே மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். தாயில்பட்டிக்காரி. உட்காரச் சொன்னதற்காக நாற்காலியின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தாள்.

"எம்பொண்ணு அருணாதேவி, பட்டாசு மொதலாளி காளீஸ்வரன்கிட்ட வேலை பாக்குறா ஐயா. அவளுக்கு அம்மை போட்டிருக்காம். மத்தவுகளுக்குத் தொத்திரும்னு மொதலாளி அவரு தோட்டத்து வீட்டுலயே தனி ரூம்பு குடுத்து வச்சிருக்காராம். பெத்தவ என்னைய உள்ள விட மாட்டேங்குறாக."

அறையின் மூலையில் சமோசா தின்றுகொண்டிருந்த ரோஷினி நிமிர்ந்தாள். காசிராஜனின் உதவியாளர், ஓட்டுநர், கணக்குப்பிள்ளை எல்லாம் அவள்தான். வாய்க்குப் பூட்டுப் போடும் வழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது.

"வேலைக்கு வர்ற புள்ளைக்குச் சொந்த வீட்டுல ரூம் குடுக்கிற மொதலாளியா? சார், இவரை உசுரோட பிடிச்சு மியூசியத்துல வைக்கணும்."

"நீ தின்னு" என்றார் காசிராஜன். மூக்கம்மாளிடம் திரும்பினார். "உள்ள விடாததுக்கு என்ன காரணம் சொல்றாரு?"

"எங்கொழுந்தனாரு செத்துட்டாக. நான் எளவு வீட்டுல இருந்து நேரா போயிட்டேன். தீட்டோட வந்தா ஆத்தா கோவிச்சுக்கிருவா, புள்ளைக்கு ஆகாதுன்னுட்டாரு. சரின்னு வந்துட்டேன். தீட்டுக் கழிச்சு, குளிச்சு முழுகிட்டுத் திரும்பப் போனேன். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பொறுங்காரு. போன்லயாச்சும் பேசுறேன்னேன். அம்மை கண்டவுகளுக்குப் போன் ஆகாதாம்."

"ஆத்தாவுக்கு டவர் கிடைக்கலை போல" என்றாள் ரோஷினி.

மூக்கம்மாள் சிரிக்கவில்லை. "வாசல்ல நின்னு ‘ஏத்தா அருணா’ன்னு கத்தினேன் தாயி. ஒரு சத்தம் வரல. எங்கிட்ட சண்டை போட்டுட்டுப் படுத்திருந்தாக்கூட ‘என்னங்கிற’ன்னு கேக்குற பொண்ணு அது."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

காசிராஜன் போனை எடுத்து டாக்டர் சுகிர்தாவை அழைத்தார். ஒரு தனியார் அறக்கட்டளையின் நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்கு அந்த அம்மாள்தான் தலைவி. ஊர் ஊராக இருக்கும் குடும்ப மருத்துவர்கள், தங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேருக்குச் சளி, எத்தனை பேருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதையெல்லாம் கூட்டிப் பார்த்து, எந்த ஊரில் எந்த நோய் தலைதூக்குகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்களாம். நல்ல யோசனைதான். டாக்டர்கள் உண்மை பேசினால் இன்னும் நல்ல யோசனை.

போனை ஸ்பீக்கரில் போட்டார். சுகிர்தாவின் குரல் லாட்டரி விழுந்தவள் குரல்போல இருந்தது.

"தாயில்பட்டி பக்கமா சார்? அங்கே சின்னம்மை பரவுது சார்! நவநீதகிருஷ்ணன்னு ஒரு டாக்டர். போன வாரம் நாலு கேஸ் சொன்னார். ஆமத்தூர்ல இருந்து ஏழாயிரம்பண்ணை வரைக்கும் எங்ககிட்ட எத்தனையோ டாக்டர் இருக்காங்க. ஒருத்தர்கூட ஒரு அம்மை கேஸ் சொன்னதில்லை. இவர் ஒருத்தர்தான் ரொம்ப சின்சியர்."

"அந்த நாலு பேரையும் உங்க ஆள் யாராவது போய்ப் பார்த்தாகளா?"

"எதுக்கு சார்? டாக்டரே சொல்றாரே."

காசிராஜன் போனை வைத்துவிட்டு, ஏதோ கெட்டுப்போனதைத் தின்றவர்போல முகத்தைச் சுளித்தார். நாலு மாடி ஏசியில் உட்கார்ந்து ஊர் காய்ச்சலை அளக்கிற இந்தப் படித்தவர்கள்மீது அவருக்கு எப்போதும் இந்த முகம்தான்.

"அப்ப அம்மை நிஜம்தான் சார். டாக்டரே சர்ட்டிபிகேட் குடுத்துட்டாரே" என்றாள் ரோஷினி.

"உனக்கு அம்மை போட்டப்ப எந்த டாக்டர்கிட்ட காட்டினாக?"

"டாக்டரா? எங்கம்மா கேட்டிருந்தா வாயிலயே போட்டிருக்கும். வேப்பிலையில படுக்கப் போட்டு, கூழும் எளநியும் குடுத்து, இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு, மஞ்சத்தண்ணி ஊத்தி…" ரோஷினி நிறுத்தினாள். சமோசாவைக் கீழே வைத்தாள்.

"என்ன?"

"இந்தப் பக்கத்துல ஒருத்தரும் அம்மையை டாக்டர்கிட்ட கொண்டு போக மாட்டாக. வீட்டுல மாத்திரைகூட எடுக்க மாட்டாக."

"மத்த டாக்டர்கள் அம்மையே இல்லைன்னு சொல்றது அதனாலதான். அவனுக சோம்பேறிக, ஆனா பொய்யனுக இல்ல. அம்மை ஊருக்குள்ள இருக்கும், டாக்டர்கிட்ட வராது. இந்த நவநீதகிருஷ்ணன் கிளினிக்குல மட்டும் அம்மை வரிசையில உக்காந்து டோக்கன் வாங்குது." காசிராஜன் எழுந்தார். "வண்டியை எடு. அந்த சின்சியரைப் பார்ப்போம்."

மூக்கம்மாளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் பேசாமல் போய் ஆம்னி வேனின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளை இறக்க காசிராஜனுக்கும் மனம் வரவில்லை.

டாக்டர் நவநீதகிருஷ்ணன் கிளினிக்கின் வாசலில் ‘குடும்ப மருத்துவர்’ என்று போர்டு தொங்கியது. எந்தக் குடும்பம் என்று எழுதவில்லை. காளீஸ்வரன் குடும்பம் உபயமாகக் கொடுத்த மின்விசிறி உள்ளே சுற்றியது. காளீஸ்வரன் குடும்பத்தின் கலர் காலண்டர் சுவரில் இருந்தது. நோயாளிகள் உட்காரும் பெஞ்சிலும் அதே பெயர். டாக்டரின் சட்டையில் மட்டும்தான் அந்தப் பெயரைக் காணவில்லை.

மூக்கம்மாளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் ஒரு கிழவரின் கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலா என்று கேட்கவில்லை, போட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"அருணாதேவின்னு ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தார் காசிராஜன். "அவ பேர்ல ஒரு விபத்து இன்ஷூரன்ஸ் இருக்கு. ஒரு கையெழுத்து வாங்கணும். போனா, அம்மைன்னு சொல்றாங்க. நீங்கதான் பார்க்கிறீங்களாமே?"

இன்ஷூரன்ஸ் என்ற சொல் பட்டாசு ஊரில் என்ன வேலை செய்யும் என்று காசிராஜனுக்குத் தெரியும். டாக்டரின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"விபத்தா? விபத்து ஒண்ணும் இல்லையே. சாதாரண சின்னம்மை. நல்லா இருக்கா. இறங்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல தலைக்குத் தண்ணி ஊத்திரலாம்."

"இன்னைக்குப் பாத்தீகளா?"

"காலையிலகூடப் போய்ப் பாத்தேன். கஞ்சி குடிச்சா. பேசினா."

"மருந்து என்ன குடுத்தீக?"

"வழக்கமானதுதான். ஒரு ஊசி போட்டேன்."

பெஞ்சில் இருந்த கிழவர் வாயைப் பிளந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மை கண்ட ஒடம்புலயா ஊசி போட்டீக? ஆத்தா, இந்த ஊரு வெளங்குமா?"

"காளீஸ்வரன் ரொம்பப் பக்திமான்னு கேள்விப்பட்டேன்" என்றார் காசிராஜன். "வேப்பிலை கட்டின வாசல் வழியா ஊசியோட உங்களை உள்ள விட்டாரா?"

டாக்டரின் நெற்றி வேர்த்துவிட்டது. காளீஸ்வரன் கொடுத்த மின்விசிறி அதற்கு ஒன்றும் செய்யவில்லை. தொற்றுநோய், வெளியாட்கள் பார்க்கக்கூடாது, இப்போது கூட்டம் அதிகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உளறி, கையைக் காட்டி வெளியே அனுப்பினார்.

கிளினிக்கின் பக்கச் சந்தில் கம்பவுண்டர் அய்யாதுரை தன் மொபெட்டின் பின்னால் வாழையிலைக் கட்டு ஒன்றை வைத்துக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் இளசான குருத்து இலை. கிழியாமல் இருக்க ஈரச் சாக்கில் சுற்றியிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, டாக்டர் வீட்டுல கல்யாணமா? பந்திக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் ரோஷினி.

"மொதலாளி வீட்டுக்கு" என்று முணுமுணுத்துவிட்டு அய்யாதுரை வண்டியைக் கிளப்பினான்.

"தலைவாழை விருந்து சாப்பிடுறாரு மொதலாளி. அம்மை வீட்டுல!" என்று ரோஷினி சிரித்தாள். காசிராஜன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தன் மூளையை ரசித்துக்கொண்டிருந்தார்.

ஆம்னியில் உட்கார்ந்ததும் அந்த மூளையைத் திறந்து காட்டினார். "அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல. தோட்டத்து வீட்டுக்குள்ள லைசென்ஸ் இல்லாம வெடி கட்டுறான். வாசல்ல வேப்பிலையைத் தொங்க விட்டுட்டா தாசில்தாரும் வர மாட்டான், போலீசும் வர மாட்டான், பிச்சைக்காரன்கூட வர மாட்டான். இந்தப் பொண்ணு வெளிய வந்து சொல்லிருவான்னு உள்ள பூட்டி வச்சிருக்கான்."

"சூப்பர் சார். டாக்டர் எதுக்கு அதை நம்ம சுகிர்தா மேடத்துக்கிட்ட சொல்லணும்? வேப்பிலை போதுமே. பொய்யை வாராவாரம் போன் போட்டு யாராவது பதிவு பண்ணுவாங்களா?"

உதவியாளர் கேட்கும் நல்ல கேள்விகள் காசிராஜனுக்குப் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் போன் அடித்து அவரைக் காப்பாற்றியது. சுகிர்தா. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். பின்சீட்டில் மூக்கம்மாள் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துபோனது.

"சார், நீங்க கேட்டீங்களே, தாயில்பட்டி. இப்பதான் அந்த டாக்டர் இந்த வாரப் பதிவை அனுப்பினார். சளி, காய்ச்சல் எல்லாம் வழக்கம்போல. சின்னம்மையில ஒரு இறப்பு சார். பெண், இருபத்து நாலு வயசு. இன்னைக்கு விடியக்காலம் இறந்திருக்கா. அம்மையால நுரையீரல் பாதிச்சு இறந்ததா சொல்றார். எங்க திட்டத்துலயே முதல் அம்மை இறப்பு."

"எம்பொண்ணுக்கு இருபத்து நாலு" என்றாள் மூக்கம்மாள்.

அவள் அழவில்லை. கதவைத் திறக்கப் பார்த்தாள். ஆம்னியின் பின்கதவு அவளுக்குத் திறக்கத் தெரியவில்லை. கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ரோஷினி பின்னால் தாவிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காசிராஜன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ரோஷினி, அந்த நாய் நம்மகிட்ட என்ன சொன்னான்? காலையில போய்ப் பாத்தேன், கஞ்சி குடிச்சான்னு சொன்னான். இப்ப விடியக்காலம் செத்துட்டான்னு சொல்றான். ஒண்ணு பொய்."

"இதுல எது பொய்யின்னு எப்படிச் சொல்றது சார்? ரெண்டையும் சொன்னது ஒரே வாய்."

"நீ சொன்னதுதான். தலைவாழை விருந்து." அவர் கண்ணைத் திறந்தார். "நான் முட்டாள். முழு முட்டாள். அம்மை கண்டா வேப்பிலையில படுக்க வைப்பாக. குருத்து வாழையிலையில யாரைப் படுக்க வைப்பாக? இந்த ஊருல பொறந்தவதானே நீ?"

ரோஷினியின் முகம் வெளுத்தது. சிவகாசி பக்கம் பிறந்த யாருக்கும் அது தெரியும். ஒவ்வொரு வெடி விபத்துக்குப் பிறகும் வாழைத் தோப்புக்காரனிடம்தான் முதலில் ஓடுவார்கள். துணி ஒட்டிக்கொள்ளும், இலை ஒட்டாது.

"தீக்காயம்" என்றாள்.

"பட்டாசு ஷெட்டுல வெடிமருந்து தீப்பிடிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா போலீசுக்குத் தகவல் போகும். லைசென்ஸ் இல்லாத ஷெட்டு வெளிய வரும். அதான் வெந்த புள்ளையை வீட்டுக்குள்ள வச்சு வாசல்ல வேப்பிலையைக் கட்டிட்டான். நீ கேட்டியே, பொய்யை எதுக்குப் பதிவு பண்ணணும்னு? செத்துப் போனா காரணம் சொல்லணுமே! அம்மையில செத்தான்னு சொல்றதுக்கு முன்கூட்டியே அம்மையை உண்டாக்கி வச்சிருக்கான். உங்க சுகிர்தா மேடம் அதுக்கு ஸ்டாம்பு குத்திக் குடுத்திருக்கா."

"அப்ப… அருணா…"

"செத்தவளுக்கு எதுக்குடி புது இலை? இப்பதானே கட்டி எடுத்துட்டுப் போறான்! வண்டியை எடு! அந்த மொபெட்டு எங்கன போகுதோ அங்கனதான் அவ இருப்பா!"

மூக்கம்மாள் கதவின் கைப்பிடியை விடவே இல்லை.

ஊரைத் தாண்டி மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் மொபெட்டை எட்டிப் பிடித்து, அதன் பின்னாலேயே போனார்கள். போகும் வழியிலேயே ரோஷினி ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு 108-க்குச் சொல்லிவிட்டாள். இதுவரை மாடு மாதிரி போன அந்த ஆம்னி, அன்றைக்குத்தான் தன்னை ஒரு வண்டி என்று காட்டிக்கொண்டது.

தோட்டத்து வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தோரணமாகத் தொங்கியது. டாக்டரின் கார் நின்றிருந்தது. அவர் குறுக்கு வழியில் முந்திக்கொண்டுவிட்டார். வாசலில் காளீஸ்வரன் கையைக் குறுக்கே நீட்டி நின்றார். வெள்ளை வேட்டி, சந்தனம், குங்குமம், கழுத்தில் துளசி மாலை. ஒரு சிறு கோயிலே எழுந்து நிற்பதுபோல் இருந்தார்.

"செருப்போட வராதீக. அம்மா குடியிருக்கிற எடம். உள்ள வரக்கூடாது."

வீட்டுக்குள்ளிருந்து கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் பொரியும் வாசனை வாசல் வரை வந்தது.

காசிராஜன் மூக்கை உறிஞ்சினார். "எந்த அம்மா மொதலாளி? கடுகு தாளிச்சா கோவிச்சுக்காத அம்மாவா? அம்மை இருக்கிற வீட்டுல அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறாது. எங்க ஊர்ச் சின்னப் புள்ளைக்குத் தெரியும். சாமி கும்புடுறீகளே, சாமியை ஏமாத்தவாவது ஒழுங்காக் கத்துக்கிட்டீகளா?"

"நீ யாருலே என்னையக் கேக்க?"

"சார், மொதலாளிக்கு மரியாதை வெந்து போச்சு" என்றாள் ரோஷினி. அவள் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

காளீஸ்வரன் அவள் போனைப் பிடுங்கப் பாய்ந்தார். அந்த இடைவெளியில் மூக்கம்மாள் அவருடைய கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடிவிட்டாள். தீட்டு, ஆத்தா, தொற்று எதையும் அவள் யோசிக்கவில்லை.

கடைசி அறையில் ஜன்னல்கள் அடைத்திருந்தன. கட்டிலில் வாழையிலை பரப்பி அதன்மேல் அருணாதேவி கிடந்தாள். முகத்தில் ஒரு பக்கமும், கழுத்தும், இரண்டு கைகளும் வெந்து சீழ் கோத்திருந்தன. தலைமுடி பாதி இல்லை. காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. மூலையில் டாக்டர் நவநீதகிருஷ்ணன் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மூக்கம்மாள் மகளைத் தொட இடம் தேடினாள். கையைக் கொண்டு போனாள், எடுத்தாள். மறுபடி கொண்டு போனாள். இடது பாதம் மட்டும் முழுசாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏத்தா அருணா."

கட்டிலில் உதடு அசைந்தது. "என்னங்கிற" என்றாள் அருணாதேவி.

மூக்கம்மாள் அப்போதுதான் அழுதாள்.

காசிராஜன் டாக்டரின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் அளவுக்குக்கூட அந்த ஆளுக்கு மதிப்பில்லை என்று நினைத்தார். "விடியக்காலம் செத்துட்டான்னு சொன்னியே?"

"இன்ஷூரன்ஸ்னு சொல்லிட்டு நீங்க வந்ததும் எனக்குப் பதறிருச்சு சார். மொதலாளிக்குப் போன் பண்ணினேன். சாவுன்னு சொல்லி இன்னைக்கே முடிச்சிருன்னாரு. எப்படியும் சாயங்காலத்துக்குள்ள போயிரும்னுதான்…" டாக்டர் எச்சில் விழுங்கினார். "நான் தினமும் வந்து களிம்பு போட்டேன் சார். ஊசி போட்டேன். என்னால ஆனது எல்லாம் செஞ்சேன்."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதைத் தவிர."

"மொதலாளி சம்மதிக்கலை."

"படிச்ச படிப்பு எம்புட்டு, புடிச்ச வாலு எவன் வாலு!" என்றார் காசிராஜன். "காளீஸ்வரன் கொலைகாரன். அவனுக்காச்சும் காப்பாத்திக்க ஒரு ஷெட்டு இருக்கு. உனக்கு என்னடா இருக்கு? ஒரு மின்விசிறியும் ஒரு பெஞ்சும். அதுக்காக மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிற பொண்ணைச் சாவுக் கணக்குல சேத்திருக்க."

வெளியே சைரன் கேட்டது. காளீஸ்வரன் உள்ளே வந்தார். துளசி மாலையைத் தடவிக்கொண்டே, "பெரிசு பண்ண வேண்டாம், நம்மளுக்குள்ள பேசி முடிச்சுக்கிருவோம்" என்று ஆரம்பித்தார். ரோஷினி போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "பேசுங்க மொதலாளி. நல்லா வெளிச்சத்துல நின்னு பேசுங்க. சிவகாசி டவுன் ஸ்டேஷன்ல லைவ்வாப் பாத்துக்கிட்டு இருக்காக." அது பொய். ஆனால் காளீஸ்வரன் வாயை மூடிக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அருணாதேவி கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. வேப்பிலைத் தோரணம் ஸ்ட்ரெச்சரில் சிக்கியது. ஆம்புலன்ஸ்காரர் அதை அறுத்து எறிந்தார்.

காசிராஜன் சுகிர்தாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் தயங்கித் தயங்கிப் பேச்சு வந்தது.

"ஐயோ சார். நான்… நாங்க எப்படி சார் நினைச்சிருப்போம்?"

"அந்தச் சாவை முதல்ல எடுங்க."

"அது தலைமை ஆபீசுக்குப் போயிருச்சு சார். இறப்புன்னு ஒரு தடவை ஏத்திட்டா, நாங்க இங்கேருந்து திரும்ப எடுக்க முடியாது. அனுப்பின டாக்டரே மறுப்பு எழுதிக் குடுக்கணும். அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு. திங்கட்கிழமை…"

காசிராஜன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏறி, போனை அருணாதேவியின் வாயருகே கொண்டு போனார். "நீ செத்துட்டன்னு ஒரு படிச்ச அம்மா சொல்லுது. நீயே சொல்லிரு தாயி."

அருணாதேவிக்கு யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"என்னைய விடுங்க. ஷெட்டுல எங்கூட இன்னும் மூணு பேரு வெந்தாக. பொன்னுத்தங்கம் அக்கா. பாண்டிச்செல்வம் அண்ணன். முனியசாமி மாமா. அவுக வீட்டுலயும் வேப்பிலைதான் கட்டியிருக்காகளாம். அவுகளையாச்சும் சாவுக் கணக்குல ஏத்துறதுக்கு முந்தி ஆளை அனுப்புங்க."

"நாலு…" என்றாள் சுகிர்தா. போன வாரம் நாலு கேஸ் என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன குரல் அது.

காசிராஜன் கீழே குதித்தார். டாக்டர் தன் காருக்குள் நழுவிக்கொண்டிருந்தார். அவரைக் சட்டைக் காலரோடு பிடித்து இழுத்து ஆம்னியின் முன்சீட்டில் தள்ளினார்.

"வீட்டைக் காட்டு" என்றார். "மூணு வீட்டையும்."